பதினொரு பாட்டு, பதினொரு எம்.பி.

ஜூலை 19, சனி

காலையிலிருந்தே மேல்காற்று. கொடியில் போட்ட சட்டை பக்கத்து வீட்டு முருங்கையில். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் இல்லை. நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்த அம்மா நேரே கை கால் கழுவப் போனாள்.

செய்ய வேண்டியவை:
சான்றிதழ் நகல், மூன்று செட்.
நாளை மதியம் பாண்டி பஸ். திங்கள் நேர்காணல்.
அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.
அக்கா பாட்டு நான்கு, எம்.பி.3 ஆக.

கடைசி வேலை மைக் செட் கண்ணையன் அண்ணன் வைத்தது. ஆடி மூன்றாம் வெள்ளி எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் அக்கா சொந்தமாக மெட்டுப் போட்டு வீட்டிலேயே பாடிப் பதிந்த பாட்டு பதினொன்று. அதில் அம்மன் பாட்டு நான்கு. மைக் அவரிடம் இரவல் வாங்கியது, அதனால் ஊரில் அவருக்கு மட்டும் ஞாபகம். "சுமதி பாட்ட போடுவம் தம்பி. பேரு கீரு சொல்ல வேணாம், பாட்டு மட்டும்." அப்பாவைப் பார்த்தேன். சாமி பாட்டுக்கு யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்றார்.

அண்ணனின் பெட்டி எம்.பி.3 மட்டும்தான் படிக்கும். என்னிடம் இருப்பது ஃபிளாக். ஃபிளாக் என்றால் பதிந்தது பதிந்தபடி. எம்.பி.3 என்றால், இதெல்லாம் உன் காதுக்குத் தெரியவா போகிறது என்று யாரோ முடிவு செய்து கழித்தது போக மீதி. கூம்பு ஸ்பீக்கருக்கு அது போதும். நகல் எடுத்து, நகலை மட்டும் மாற்ற வேண்டும்.

இணையத்தில் ஏற்றியிருந்த இந்தப் பாட்டுகளை மூன்று வருடத்துக்கு முன் அக்கா அங்கிருந்து எடுத்துவிட்டாள். அதற்கு முதல் நாள் நான் இறக்கி வைத்தவை இவை. மாப்பிள்ளை வீட்டில் விரும்பவில்லையாம். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சொன்னாள், தலை நிமிராமல். லேப்டாப்பையும் என்னிடம் தள்ளிவிட்டாள். நான் எம்.ஏ. முடிப்பதற்குள் அது செத்தது. மிச்சம் இந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். வேறெங்கும் நான் ஏற்றி வைக்கவில்லை. அவள் எடுத்ததை நான் ஏற்றுவதா என்று ஒரு நாகரிகம்.

அத்தானை (அம்பகரத்தூர், மின்துறை வேலை) எல்லோரும் தங்கமான மனிதர் என்கிறார்கள். எனக்கும் அவருக்கும் மூன்று வருடமாக "வாங்க", "சாப்ட்டீங்களா", அவ்வளவுதான்.

குறிப்பு: நான்காவது அம்மன் பாட்டு தொடங்கும் முன் அக்கா பேசுவது பதிவாகியிருக்கிறது. "டேய், ஃபேனை நிறுத்து." பிறகு நான் எழுந்து நடப்பது, சுவிட்ச், ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்வது. பன்னிரண்டு வினாடி. கோயிலுக்குக் கொடுக்கும் நகலில் அதை வெட்டிவிட வேண்டும். மூலத்தில் கை வைக்கக் கூடாது.

ஜூலை 22, செவ்வாய்

மதியம் திரும்பினேன். நேர்காணல் ஏழு நிமிடம். என் ஆய்வுத் தலைப்பை வாய்விட்டுப் படித்த ஒருவர் சிரித்தார். மற்றவர் எதற்கென்று கேட்காமலேயே சிரித்தார். முடிவு தபாலில் வருமாம்.

வீட்டில் அப்பா உற்சாகமாக இருந்தார். நான் அலைந்து திரிந்து வருவேன் என்று அவரே வேலையை முடித்துவிட்டாராம். வீட்டுக் கம்ப்யூட்டரில் மென்பொருளைத் திறந்து, கோப்புறையைக் காட்டி, பொத்தானை அழுத்தி. நாலு நிமிஷம்தான் ஆச்சு, என்னமோ பெரிய வித்தை மாதிரி சொல்லுவியே என்றார்.

ஹார்ட் டிஸ்கைச் செருகினேன்.

பதினொரு கோப்பு. எல்லாம் எம்.பி.3. ஒவ்வொன்றின் அளவும் ஒரு எம்.பி.க்குச் சற்று முன்பின்.

ஃபிளாக் இல்லை. குப்பைத் தொட்டியில் தேடினேன். காலி. அதையும் காலி செய்திருக்கிறார். ஒழுங்கான மனிதர்.

இருநூற்று எண்பது எம்.பி. இருந்த இடத்தில் பதினொன்று.

சாப்பிடவில்லை. வெண்டைக்காய்க் குழம்பு என்று அம்மா இரண்டு முறை சொன்னாள்.

ஜூலை 23, புதன்

காற்று நிற்கவில்லை. நானும்.

நேற்று கேட்க முடியாததை இன்று காலை கேட்டேன். நான்கு பாட்டுக்குச் சொன்னால் ஏன் பதினொன்றையும் மாற்றினீர்கள்? எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும் என்று. சரி, ஏன் இவ்வளவு குறைந்த தரம்? அவர் கண்ணாடியைத் துடைத்தார். மென்பொருள் காட்டிய பட்டியலில் 'இசை', 'உயர் தரம்', 'குரல்' என்று மூன்று இருந்ததாம்.

"குரல்னு போட்டுருந்துச்சு. உங்க அக்கா பாடுறது குரல்தானப்பா?"

'குரல்' என்றால் அந்த மென்பொருளுக்குத் தொலைபேசியில் பேசுவதைப் பதிவது. 32 கே.பி.பி.எஸ்., ஒற்றைத் தடம், இருப்பதிலேயே மட்டமான தரம்.

மூலத்தை ஏன் அழித்தீர்கள் என்றேன். இதற்குத்தான் அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். முப்பத்தோரு வருடம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிவறை வேலை. பழைய கோப்பு, அதன் சுருக்கம் பதிவேட்டில் ஏறியதும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு, கட்டு, அழிப்பு. இரண்டும் இருந்தால் எது செல்லும் என்று கேள்வி வரும். 'மாற்றியபின் மூலத்தை நீக்கவா' என்று மென்பொருளே கேட்டதாம். கேட்டதும் சந்தோஷமாகிவிட்டார். யாரோ விவரம் தெரிந்தவன் செய்திருக்கிறான் என்று.

பிறகு ஒரு நோட்டை எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு. கோடு போட்டு, வரிசை எண், பாட்டின் பெயர், நிமிடம், பழைய அளவு, புதிய அளவு, நீக்கிய தேதி. கீழே கையெழுத்து. என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்.

போடவில்லை.

"பாட்டு கேக்குதுல்ல? அப்பறம் எதுக்கு இந்தக் குதி?" இது அம்மாவிடம், நான் அடுத்த அறையில் இருக்கும்போது.

கேட்கிறதுதான். எதுதான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸிகூடக் கேட்கிறது.

ஜூலை 25, வெள்ளி

இரண்டு நாளாக மீட்பு மென்பொருள். ஹார்ட் டிஸ்கின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாயிற்று. கிடைத்தவை: என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட். யாரோ ஒருவரின் திருமண அழைப்பிதழ். ஃபிளாக் துண்டுகள் ஆறு. ஐந்தில் இரைச்சல் மட்டும். ஒன்று ஓடுகிறது, நாற்பத்தோரு வினாடி. மூன்றாம் பாட்டின் நடு.

அப்பா எழுதிய புதுக் கோப்புகளும், மாற்றும்போது மென்பொருள் தற்காலிகமாக எழுதியவையும் பழையவை இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன. அவர் அலுவலகத்து அலமாரியும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒரு சந்தேகம் வந்தது. எனக்கே வித்தியாசம் தெரிகிறதா, அல்லது எண்களைப் பார்த்து ஆத்திரப்படுகிறேனா? பல்கலைக்கழகம் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி, இல்லாத வித்தியாசத்தைப் பார்க்கும் வித்தை. அம்மாவைக் கூப்பிட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எது எது என்று சொல்லாமல் அந்த நாற்பத்தோரு வினாடியையும் அப்பாவின் எம்.பி.3-இல் அதே பகுதியையும் ஹெட்ஃபோனில் போட்டேன். இரண்டாம் முறைகூடக் கேட்கவில்லை.

"மொதல்ல போட்டதுல மூச்சு வாங்குறா. இதுல வாங்கல."

கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

எண்கள் பொய் சொல்லவில்லை. கழித்தது மூச்சை.

ஜூலை 27, ஞாயிறு

அக்காவுக்கு போன். சொல்லாமல் விடலாமா என்று மூன்று நாள் யோசித்தது. விட முடியவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன், அப்பாவைத் திட்டாமல். (திட்டினேன்.)

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில். போனால் போகிறது என்றாள். அவளே எடுத்துப் போட்டதுதானே, இப்போது யார் கேட்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை அவரும் லீவு போட்டுவிட்டு வருகிறார், இரண்டு பேருமாக வருகிறோம், மாவிளக்குக்கு அரிசி ஊற வைக்கச் சொல் அம்மாவை.

அவள் மேலும் கோபம் வந்தது. எடுக்கச் சொன்னவர்கள் மேல் அவளுக்கு ஏன் வரவில்லை? எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். அழிந்தது என்றேன், போகட்டும் என்கிறாள். ஒருவராவது தொண்டை கிழியக் கத்தினால் என்ன.

வைக்கப் போகும்போது ஒரு நிமிடம் இரு என்றாள். குக்கரை அணைத்தாள் போல, சத்தம் நின்றது.

"அந்த ஃபேன் பாட்டுமாடா?"

ஆமாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 30, புதன்

எம்.பி.3-ஐத் திரும்ப ஃபிளாக்காக மாற்றிப் பார்த்தேன். பயனில்லை என்று தெரிந்தே. கோப்பு வீங்கியது, பாட்டு அதேதான். ஃபேன் ஓயும் சத்தம் தண்ணீருக்குள் முக்கி எடுத்ததுபோல. வீங்கியதை அழித்தேன்.

பென் டிரைவை அப்பா திங்களன்றே கண்ணையன் அண்ணனிடம் கொடுத்துவிட்டாராம். நான்கு பாட்டு. நான் தொடவில்லை. இந்த வேலையில் இனி என் கை படாது.

தபால் இல்லை. தைலம் வாங்க மறந்தது, இரண்டாம் முறை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணி. கோயில் முன் சாமியானா. கஞ்சிக்கு வரிசை. அப்பா வாளியும் அகப்பையுமாக. அக்கா பெண்கள் பக்கம், மாவிளக்குத் தட்டோடு. அத்தானுக்கு நாற்காலி என் பக்கத்தில் போட்டார்கள். நான் போடவில்லை.

கண்ணையன் அண்ணன் அக்கா பாட்டைப் போட்டார். முதல் பாட்டு. இரண்டாவது. வேப்பமரத்தில் கட்டிய கூம்பு வழியாக, 32 கே.பி.பி.எஸ். எனக்கு ஒவ்வொரு வரியும் பல்லில் மணல்.

மூன்றாவதில் அத்தான் என் பக்கம் சாய்ந்தார். "யாரு மாப்ள பாடுறது? எப்பவும் போடுற பாட்டு மாதிரி இல்லியே." நடிக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, நடிப்பு மோசம் என்றும் நினைத்தேன். தெரியலைங்க என்றேன்.

மூன்றாவது முடிந்தது. கொரகொரவென்று ஒரு வினாடி. பிறகு தெரு முழுக்க, குளத்தங்கரை வரைக்கும்:

"டேய், ஃபேனை நிறுத்து."

நான் செய்திருந்தால் வெட்டியிருப்பேன். அப்பா பாட்டைக் கேட்டே பார்க்கவில்லை. பதிவறையில் யார் கோப்பைப் படிக்கிறார்கள்.

பந்தலில் நின்ற பெடஸ்டல் ஃபேனை ஒருவர் ஓடிப்போய் நிறுத்தினார். சிரிப்பு. "யாருங்க நிறுத்துனது, வேவுதுல்ல?" "மைக்லதான சொன்னாங்க." மறுபடி சிரிப்பு. ஃபேனை மறுபடி போட்டார்கள்.

அத்தான் சிரிக்கவில்லை. பாட்டுக் குரல் அவருக்குத் தெரியாது. இந்தக் குரல் தெரியும். தினம் வீட்டில் கேட்பது. டம்ளரைத் தரையில் வைத்தார்.

"இது உங்க அக்கால்ல?"

"அக்காதான். நாலும்."

"பாடுவாளா அவ?"

அதற்குள் நான்காவது பாட்டு தொடங்கிவிட்டது. மூன்று வருடம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நீங்கதான எடுக்கச் சொன்னீங்க."

"எத?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. இந்த மனிதருக்கு எதுவுமே தெரியாது. இணையம், பதினொரு பாட்டு, கொக்கி வைத்துக்கொண்டே சொன்ன அந்தச் சாயங்காலம், எதுவும். சுருக்கமாகச் சொன்னேன். பாட்டு முடியும் வரை கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து கண்ணையன் அண்ணனிடம் போனார். முதலிலிருந்து போடச் சொன்னார்.

அந்தப் பக்கம் அக்கா, மாவிளக்கு அணைந்தது தெரியாமல் நின்றாள். அப்பா கஞ்சியை ஒருவர் செம்பில் ஊற்றிக்கொண்டே இருந்தார், செம்பு நிறைந்த பிறகும்.

வீடு, இரண்டு மணி. யாரும் உட்காரவில்லை. அக்காதான் அப்பாவிடம் கேட்டாள், அவங்க வீட்டில் விரும்பவில்லை என்று யார் சொன்னது என்று. அப்பா சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அவங்க ஒண்ணும் சொல்லல. சொல்லிடுவாங்களோன்னு நெனச்சேன். ஆட்சேபண வந்த பெறகு பதில் எழுதுறது செரமம்மா. வர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணிடணும்."

வராத ஆட்சேபணைக்குப் பதில். கோப்பு முடிக்கப்பட்டது.

அக்கா கத்தவில்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"மூணு வருஷமா பாத்ரூம்ல கூட நான் பாடலப்பா. இவரு காதுல வுழுந்துடப் போவுதுன்னு."

அத்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நா இவ பேசாத பொண்ணுன்னு நெனச்சுகிட்டு இருந்தேன்."

நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். அம்மா கட்டிக் கொடுத்த மாவிளக்கு மாவு மேஜையிலேயே.

ஆகஸ்ட் 2, சனி

அப்பாவோடு பேச்சு இல்லை.

எழுத வேண்டியது: பத்து நாள் கே.பி.பி.எஸ்.ஸுக்காகக் குதித்தேன். மூன்று வருடத்துக்கு முன் பதினொன்றும் மொத்தமாக அழிந்தபோது என்ன செய்தேன்? இறக்கி வைத்துக்கொண்டேன். பத்திரப்படுத்தினேன். அவள் ஏன் எடுக்க வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவரை வெறுப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது, மரியாதையாகவும் இருந்தது.

அப்பா என்னைவிட நேர்மையானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. கையெழுத்துப் போட்டு அழித்தார் என்பதுதான் வித்தியாசம்.

அவர் மேல் கோபம் குறையவில்லை. குறைக்க முயலவும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. விடிகாலையில் வாய்க்காலில் தண்ணீர். கணுக்கால் அளவு, முன்னால் சருகையும் தெர்மாகோலையும் தள்ளிக்கொண்டு. அம்மா போய்ப் பூ விட்டுவிட்டு வந்தாள்.

என் மேஜை மேல் அந்த நாற்பது பக்க நோட்டு. அப்பா வைத்தது. 'குறிப்பு' என்ற கட்டத்தில் பதினொரு வரிக்கும் நேராக ஒரே வார்த்தை, சிவப்பு மையில்: தவறு. ஒவ்வொன்றுக்கும் தேதி.

மன்னிப்பைக்கூடக் கட்டத்துக்குள் எழுதுகிற மனிதர். அதுவும் என்னிடம். எழுத வேண்டியது அக்காவுக்கு, அம்பகரத்தூருக்கு.

நோட்டை அவர் கட்டிலிலேயே திரும்ப வைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை பத்துக்கு அக்கா போன். பாட்டு வரிகள் வேண்டுமாம். எழுதி வைத்த டைரி அந்த வருடமே அடுப்புக்குப் போய்விட்டது, ஏழாவதில் இரண்டாம் அடி சுத்தமாக மறந்துவிட்டது. எதற்கு என்று கேட்டேன். அனுப்புடா என்றாள்.

நோட்டில் தேடினால் நிமிடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, வரி ஒன்றுகூட இல்லை. ஆகவே அப்பாவின் எம்.பி.3. ஹெட்ஃபோன் போட்டு, நிறுத்தி நிறுத்தி, பதினொன்றையும் தட்டச்சு செய்தேன். வார்த்தைகள் தப்பித்திருக்கின்றன. அதற்கு மட்டும் அது போதுமானதாக இருந்தது. ஏழாவது, பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் பாட்டு, எனக்கும் மறந்து போயிருந்தது. நல்ல பாட்டு.

சாயங்காலம் அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

அப்பா அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது: அவளுக்கு போன் பண்ணினால் எடுப்பாளா? அம்மா: "எடுக்க மாட்டா. பஸ் ஏறிப் போங்க."

ஆகஸ்ட் 6, புதன்

மழை வரும்போல இருந்து வரவில்லை. தைலம் வாங்கியாயிற்று. அப்பாவை ஒன்பதரை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன், இஸ்திரி போட்ட சட்டை, கையில் மாவிளக்கு மாவு டப்பா. இருவரும் பார்க்காததுபோல.

பதினொன்றரைக்கு அக்கா போன். அப்பா வந்திருக்கிறாராம், வாசலில் அத்தானோடு உட்கார்ந்திருக்கிறாராம், உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளாம். பாட்டு முடிகிற வரைக்கும். என்ன பாட்டு என்றேன். போனில் எந்த ரெக்கார்டர் நல்லது என்றாள். சொன்னேன். எம்.பி.3 என்று இருக்கும், அதைத் தொடாதே, வேவ் என்று இருப்பதைப் போடு, எவ்வளவு இடம் பிடித்தாலும் பரவாயில்லை, முடிந்ததும் யாரிடமும் கொடுக்காதே, எதையும் மாற்றாதே என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பக்கம் செருப்புச் சத்தம், சுவிட்ச், ஏதோ சுற்றி ஓய்வது.

"ஃபேனை நிறுத்திட்டேன்டா. இப்ப எத அமுக்கணும்?"